பழங்கள் படுத்திருந்த பெட்டி

திருவண்ணாமலையில் பெரிய மனுஷனோ சின்ன மனுஷனோ, செத்தால் ராஜமாணிக்கத்தின் ஃப்ரீசர் பெட்டியில் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் தருமனின் ஃப்ரீசர் பெட்டியில் படுக்க வேண்டும். ஊரில் வாடகைக்குப் பெட்டி வைத்திருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ராஜமாணிக்கத்திடம் இரண்டு, தருமனிடம் மூன்று. நகைக்கடைக்காரர், லாட்ஜ் முதலாளி, ஓய்வுபெற்ற தாசில்தார், ஆட்டோ ஓட்டியவர் என்று எல்லாரும் அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரு ராத்திரியாவது கிடந்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வரவேண்டிய பிள்ளை வந்து முகம் பார்த்த பிறகுதான் சுடுகாட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். பெட்டியில் பழம் வந்து படுத்தது இந்த வருஷம்தான். அதுவும் மரத்தில் காய்த்த பழம் இல்லை, வரைந்த பழம்.

கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில் பிரெஞ்சுக்கார அம்மாள் ஒருத்தி வெகுகாலமாக இருந்தாள். மலையைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள் போகாமலே இருந்துவிட்டாள். மாசி மாதம் இறந்துபோனாள். அவளுடைய தம்பி பிரான்சிலிருந்து வரும்வரை உடம்பை வைத்திருக்க ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தபோது சமையல் மேடைக்கு மேலே ஆணியில் ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. கசங்கிய வெள்ளைத் துணி, அதன்மேல் சிவப்பாகச் சில ஆப்பிள், இரண்டு பேரிக்காய், ஒரு கொத்துத் திராட்சை, பாதி உரித்த ஆரஞ்சு. கோடு போட்டு வரையாமல், வெளிச்சம் விழுந்த இடத்தையெல்லாம் தொட்டுத் தொட்டுச் சாயம் வைத்திருந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் அப்படி வரைவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்ததாம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் அவளுடைய கொள்ளுப்பாட்டி வீட்டில் சாப்பிட வந்தபோது வரைந்துகொடுத்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சாகும் முன்பு அந்த அம்மாள் படத்தை இந்த ஊர் ஜனங்களுக்கு என்று எழுதிவைத்துவிட்டாள். ஜனங்களுக்கு என்று எழுதினால் அது முதலில் அரசாங்கத்துக்குப் போகும் என்பது பாவம் அவளுக்குத் தெரியவில்லை.

வேங்கிக்காலில் மாவட்டக் கலைச்செல்வப் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. கட்டடம் இருந்தது, போர்டு இருந்தது, ஜீப் இருந்தது, இரவுக் காவலர் இருந்தார். கலைச்செல்வம்தான் இல்லை. தனி அலுவலர் கோதண்டராமன், இந்த ஆண்டு ஒரு பொருளும் களவு போகவில்லை, ஒரு பொருளும் சேதமாகவில்லை என்று சென்னைக்கு அறிக்கை அனுப்பி நல்ல பெயர் வாங்கியிருந்தார். படம் தன் தலையில் வந்து விழுகிறது என்று தெரிந்ததும் ஒரு மலர்வளையத்தோடு அம்மாளின் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்றபடியே சென்னைக்குப் போன் போட்டு, இதை எப்படி வைக்கவேண்டும் என்று கேட்டார்.

சென்னையில் யாரோ அவசரத்தில் இருந்தார்கள். குளிர்ச்சியாக இருக்கட்டும், மேலே கண்ணாடி இருக்கட்டும், பொதுமக்கள் வரிசையில் வந்து பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

கோதண்டராமன் போனைப் பையில் போட்டுக்கொண்டு எதிரே பார்த்தார். குளிர்ச்சி, கண்ணாடி, வரிசை. முப்பது வருஷ சர்வீஸில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து அவர் பார்த்த இடம் அது ஒன்றுதான்.

"இது யாரு பொட்டி?" என்றார்.

"என்துதாங்க சார்," என்றார் ராஜமாணிக்கம்.

"நல்லா குளிருமா?"

"மூணு நாள் வரைக்கும் அப்படியே இருக்கும் சார். முகம் வாடாது."

"முகம் வாடக்கூடாது. அதான் முக்கியம்," என்று கோதண்டராமன் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

தம்பி வந்து அம்மாளை எடுத்ததும் பெட்டி நேராக வேங்கிக்காலுக்குப் போனது. அரசாங்கம் தன் பெட்டியைக் கேட்டதில் ராஜமாணிக்கத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவி ரேணுகாம்பாளிடம் சொன்னார். அவள் நெஞ்சுவலிக்காரி. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் அவரையே பார்த்தாள்.

"எந்தப் பொட்டிய குடுத்த?"

"புதுசு. கவிநிலா வாங்கிக் குடுத்தது."

கவிநிலா அவர்களுடைய ஒரே மகள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். போன முதல் வருஷம் அவள் அனுப்பியதில் வாங்கியதுதான் அந்தப் பெட்டி. லீவில் வந்தபோது அதன் பக்கவாட்டில், யாருக்கும் தெரியாத கீழ் மூலையில், நீல நிற நெயில் பாலிஷால் சின்னதாக ஒரு பூ வரைந்துவிட்டுப் போயிருந்தாள். சாவு வீட்டுக்குப் போகிற பெட்டியில் பூவா என்று ரேணுகாம்பாள் அன்றைக்குத் திட்டினாள்.

"ஊருக்கெல்லாம் பொட்டி குடுக்கற. எனக்கு ஒண்ணுன்னா அவ வர்ற வரைக்கும் என்ன எதுல வைப்ப?" என்றாள் ரேணுகாம்பாள்.

"அடச்சே, வாயக் கழுவு. பழைய பொட்டி ஒண்ணு இருக்கு இல்ல?"

பழைய பெட்டியும் அந்த வாரமே போனது. குழு ஒன்று கூடி, ஓவியத்தின் மரச்சட்டகம் வேறு, ஓவியம் வேறு, மரத்துக்கும் துணிக்கும் ஒரே குளிர் ஆகாது என்று தீர்மானித்தது. ஆகவே சட்டகத்தைக் கழற்றி இரண்டாவது பெட்டியில் படுக்கவைத்தார்கள். பிறகு முதல் பெட்டி பழுதானால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. தருமனின் பெட்டி ஒன்று ஸ்டாண்ட்-பையாக வந்து காலியாக ஓடத் தொடங்கியது.

நான்காவது பெட்டியின் கதை கொஞ்சம் நீளம். ஓவியத்தின் நிறம் மங்குகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே பழங்களைக் கடையில் வாங்கி, அதே மாதிரி வெள்ளைத் துணியில் அடுக்கி, பக்கத்திலேயே குளிர்பெட்டியில் வைத்து, தினமும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. பேரிக்காய் கிடைக்கவில்லை, கொய்யாவை வைத்தார்கள். இடமிருந்து மூன்றாவதாக இருப்பது பேரிக்காயா கொய்யாவா என்று கோடில்லாமல் வரைந்ததால் உறுதியாகச் சொல்லமுடியாது என்றும், இந்தக் குறைபாட்டுக்கு ஓவியரே பொறுப்பு என்றும் பழங்களைப் பற்றித் தெரிந்த ஒரு அதிகாரி வந்து சான்று கொடுத்தார். ஒரு வாரத்தில் கடைப் பழம் சுருங்கியது, ஓவியப் பழம் சுருங்கவில்லை. பாதுகாப்பு முறை வெற்றி என்று சென்னைக்கு அறிக்கை போனது.

தருமனின் கடைசிப் பெட்டியும் ஐந்தாவதாக வந்தது, எதிர்காலத்தில் வரப்போகும் கொடைகளுக்காக. அதற்குள் மலர்வளையங்களையும் மோர் பாக்கெட்டையும் வைத்துக்கொண்டார்கள்.

திறப்பு விழாவுக்கு ராஜமாணிக்கத்தையும் தருமனையும் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். நடுக்கூடத்தில் பெட்டி இருந்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்து ஓவியத்தை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டிக்கு என்று அரசாங்கத்தில் ஒரு நடைமுறை ஏற்கெனவே இருந்ததால் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரிகள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மலர்வளையத்தைக் கால்மாட்டில் வைத்து, கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்று, பெட்டியைச் சுற்றிவந்து வெளியேறினார்கள். ஓவியத்துக்குக் கால்மாடு எது என்று ஒரு சின்னக் குழப்பம் வந்தது. ஆரஞ்சு இருக்கிற பக்கம் என்று கோதண்டராமன் முடிவு செய்தார்.

பிறகு அவர் பேசினார்.

"இந்த ஓவியத்தோட சிறப்பு என்னன்னா, தூரத்துல நின்னு பாத்தா பழம் தெரியும். கிட்ட போனா ஒண்ணும் இருக்காது, வெறும் சாயம். நம்ம நிர்வாகம் இத்தன வருஷமா கடைப்பிடிச்சுகிட்டு வர்ற முறைய அந்த பிரெஞ்சுக்காரன் அப்பவே கண்டுபிடிச்சிருக்கான். அதனாலதான் பொதுமக்கள் யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு பத்தடி தள்ளிக் கயிறு கட்டியிருக்கோம். தள்ளி நின்னாதான் நாங்க செய்யறது உங்களுக்குப் புரியும்."

கைதட்டினார்கள். தருமன் ராஜமாணிக்கத்தின் காதோடு, "பொட்டிங்கள எப்ப குடுப்பாங்கன்னு சொன்னாரா?" என்று கேட்டார். கோதண்டராமன் அந்தப் பேச்சையே எடுத்திருக்கவில்லை.

சித்திரை பாதி போனதும் வெயில் கொளுத்த ஆரம்பித்தது. சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கண்காட்சியை நீட்டிக்க வேண்டுமானால் பொதுமக்கள் அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்தார்கள் என்பதற்குப் புகைப்படம் வேண்டும். புகைப்படம் இல்லாவிட்டால் ஓவியத்தைச் சென்னைக்கு அனுப்பிவிட வேண்டியது. கோதண்டராமனுக்குத் தூக்கம் போனது. ஓவியம் போனால் குழு போகும், குழு போனால் ஜீப் போகும்.

நெகிழ்வதற்காகச் சுற்றுக் கிராமங்களிலிருந்து மகளிர் குழுப் பெண்களை வேனில் ஏற்றிவந்தார்கள். அவர்கள் கூடத்துக்குள் நுழைந்து ஃப்ரீசர் பெட்டியையும் மலர்வளையத்தையும் பார்த்தார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். கோதண்டராமன் உணர்ச்சிவசப்பட்டுப்போய், உதவியாளர் பிரகாஷை அழைத்துப் படம் எடுக்கச் சொன்னார். பிரகாஷ் கேமராவைத் தூக்கியபோது ஒரு பெண் அழுகையை நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, "செத்தது யாருங்க?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவள் எழுந்து கயிற்றைத் தாண்டிப் போய்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆப்பிளுடி" என்றாள். அதற்குமேல் யாரும் நெகிழவில்லை. சிரித்த முகங்களைச் சென்னைக்கு அனுப்பமுடியாது என்பதால் அந்தப் படங்கள் அழிக்கப்பட்டன.

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. கண்ணாடியில் பனி படிந்து ஓவியம் பாதி நேரம் தெரியவில்லை. மங்கலாக வரைவதே அந்தப் பாணி என்பதால் பனியும் அதற்குப் பொருத்தமானதே என்று குழு பதிவு செய்தது. வெளியே ஊரில் வயசானவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். ராஜமாணிக்கத்துக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர், அண்ணன் பெங்களூரிலிருந்து வரவேண்டும், அப்பாவை ராத்திரி மட்டும் வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று கெஞ்சினார். ராஜமாணிக்கம் செஞ்சிக்கும் போளூருக்கும் விழுப்புரத்துக்கும் பேசிப் பார்த்தார். அங்கங்கே இருந்த பெட்டி அங்கங்கே இருந்த சாவுக்கே போதவில்லை. அந்த அண்ணன் வந்தபோது சாம்பல்தான் இருந்தது. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கீழ்பென்னாத்தூர்க்காரர் போனில் கேட்டார். பெட்டியைத் திருப்பிக் கேட்டு ராஜமாணிக்கம் இரண்டு முறை வேங்கிக்கால் போனார். குழு பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் ரேணுகாம்பாள் வாசல் தெளிக்க எழுந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜமாணிக்கம் போய்த் தொட்டபோது அவள் இல்லை.

கவிநிலாவுக்கு அவர்தான் சொன்னார். லீவு கையெழுத்தாகி, பாஸ்போர்ட்டை வாங்கி, டிக்கெட் கிடைத்து வர, திங்கட்கிழமை காலை ஆகிவிடும் என்றாள். வீடியோவில் முகத்தைக் காட்டட்டுமா என்று, சேதி கேட்டு வந்திருந்த தருமன் கேட்டார்.

"வேணாம். போன்ல பாக்க மாட்டேன். நேர்ல பாக்கறேன், வச்சிருங்கப்பா," என்றாள் கவிநிலா. அழுகைக்கு நடுவில் சொன்னாள், "நம்மகிட்டதான் பொட்டி இருக்குதே."

ராஜமாணிக்கம் அவளிடம் பெட்டி போன கதையைச் சொல்லியிருக்கவில்லை. "சரிம்மா" என்றார். போட்டிருந்த சட்டையோடு வேங்கிக்காலுக்கு ஓடினார்.

சனிக்கிழமை என்றாலும் கோதண்டராமன் அலுவலகத்தில் இருந்தார். நெகிழ்ச்சிப் புகைப்படத்துக்குச் சென்னை கொடுத்த கெடு திங்கட்கிழமை முடிகிறது. விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்று, கைகூப்பி, "ஆழ்ந்த இரங்கல்" என்றார். பிரகாஷையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஒரே ஒரு பொட்டி குடுங்க சார். பொண்ணு வந்து மொகம் பாத்தவொடனே நானே கொண்டாந்து வச்சிடறேன். திங்கக்கிழம மத்தியானம் வரைக்கும்தான்."

"கேளு ராஜமாணிக்கம். மொதப் பொட்டில ஓவியம். அத நீயே கேக்க மாட்ட."

"வேணாம் சார். ரெண்டாவது?"

"அதுல ஃப்ரேம். ஓவியத்தையும் ஃப்ரேமையும் ஒண்ணா வச்சா ஆகாதுன்னு தீர்மானமே இருக்கு."

"மூணாவது பொட்டி காலியாதான சார் ஓடுது?"

"காலியா இருந்தாதான் அது ஸ்டாண்ட்-பை. உள்ள ஆளு படுத்துட்டா அது எப்படி ஸ்டாண்ட்-பை ஆவும்?"

"நாலாவதுல கடைப்பழம் சார். அழுவிப்போன கொய்யா. அத எடுத்துப் போட்டுட்டு..."

"அது அழுவறதுதான் சார் நமக்கு ஆதாரமே," என்று பிரகாஷ் இடையில் விளக்கினான். "அது அழுவலன்னா, இது அழுவலங்கறத எத வச்சி சொல்றது?"

"அஞ்சாவதுல மோர் இருக்குது சார். நான் என் கண்ணால பாத்தேன்."

கோதண்டராமன் வருத்தத்தோடு தலையசைத்தார். "நீ மோரப் பாக்கற. நான் எதிர்காலத்தப் பாக்கறேன். நாளைக்கே ஒரு கொடை வந்தா எங்க வைக்கறது?"

ராஜமாணிக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாகச் சாவு வீட்டு வாசலில் நின்று எத்தனையோ அழுகையைப் பார்த்தவருக்கு, எப்படி அழுது கேட்டால் இந்த ஆள் காதில் விழும் என்று தெரியவில்லை. அவர் அழுதார். கோதண்டராமன் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து அவர் தோளில் கைவைத்தார். மோசமான மனுஷன் என்று அவரைச் சொல்லமுடியாது. வீட்டில் அவருக்கும் மனைவி உண்டு, மகள் உண்டு.

"உன் கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா நிதானமா யோசி. உன் சம்சாரத்த எப்படியும் ரெண்டு நாள்ல எடுக்கத்தான் போறீங்க. இந்தப் பழம் நூத்தம்பது வருஷமா அழுவாம இருக்குது. அழுவப் போறதுக்காக அழுவாதத வெளிய எடுக்கச் சொல்றியே, இது நியாயமா? ஒரு மனு எழுதிக் குடு. வர்ற வியாழக்கிழம குழு கூடுது. நான் சாதகமாப் பேசறேன்."

வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ஐந்தாவது பெட்டியைத் திறந்து ஒரு மலர்வளையத்தை எடுத்து, அலுவலகத்தின் சார்பில் என்று எழுதிய ரிப்பனைச் சரிசெய்து, ராஜமாணிக்கத்தின் கையில் கொடுத்தார். வளையம் சில்லென்று இருந்தது. ஒரு இதழ்கூட வாடவில்லை.

தருமன் ஐஸ் கம்பெனியிலிருந்து பார் பாராக ஐஸ் கொண்டுவந்தார். கூடத்தில் மரத்தூளைக் கொட்டி, ஐஸ் பாரை அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு ரேணுகாம்பாளைப் படுக்கவைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள், ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினார்கள். ஐஸ் உருகி வாசல்வரை ஓடியது. மறுபடியும் கொண்டுவந்தார்கள், மறுபடியும் உருகியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனியில் ஐஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ரேணுகாம்பாளின் முகம் மாற ஆரம்பித்தது. வந்திருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ராஜமாணிக்கத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

"எடுத்துடலாம் மாணிக்கம்," என்றார் தருமன். "பொண்ணு வந்து இந்த மொகத்தப் பாக்கறதுக்கு பாக்காமலே இருக்கலாம்."

கவிநிலாவுக்குப் போன் போட்டார்கள். அவள் விமானத்தில் ஏறக் காத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ, போன் எடுக்கவில்லை. மகள் போடவேண்டிய வாய்க்கரிசியை மகளுக்கும் சேர்த்து ராஜமாணிக்கமே போட்டார். இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை டாக்சி வந்து நின்றபோது, கழுவிவிட்ட கூடத்தில் மூலைக்கு மூலை மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. கவிநிலா வாசலில் பையை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தைப் பார்த்தாள், சாமிபடத்துக்குக் கீழே ஏற்றிவைத்திருந்த விளக்கைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சத்தம் போடுவாள், தன்னை அடிப்பாள் என்று ராஜமாணிக்கம் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கையில் சென்னையில் இறங்கி வாங்கிய ரோஜா மாலை இருந்தது.

"நம்ம பொட்டி எங்கப்பா?" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது, கோதண்டராமன் என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நான் அதப் பாக்கணும்," என்றாள்.

வேனில் கூட்டிக்கொண்டு போனார். கண்காட்சியில் கூட்டமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து, கயிற்றுக்கு அப்பால் நின்று, பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கவிநிலாவும் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள். காவலர் ஏதோ சொன்னார், அவள் காதில் விழவில்லை. பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டுக் கீழ் மூலையைத் தடவினாள். நீலப் பூ அங்கேயே இருந்தது. எழுந்து கண்ணாடியில் படிந்த பனியை உள்ளங்கையால் துடைத்தாள். அம்மா இருக்கவேண்டிய இடத்தில் ஆப்பிள் இருந்தது, உரித்த ஆரஞ்சு இருந்தது. நன்றாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது, கொஞ்சமும் வாடாமல் இருந்தது. அவள் மாலையைக் கண்ணாடிமேல் போட்டாள். அப்படியே பெட்டியைக் கட்டிக்கொண்டு, மஸ்கட்டிலிருந்து அடக்கிக்கொண்டு வந்த அழுகையை அழுதாள்.

கோதண்டராமன் அறையிலிருந்து வெளியே ஓடிவந்தார்.

"பிரகாஷ், எடு. யாரும் அந்தப் பொண்ணத் தொடாதீங்க. மொகம் தெரியற மாதிரி எடு. கண்ணீர் விழுதா? பழமும் தெரியணும்."

பிரகாஷ் நாலு பக்கமும் நின்று எடுத்தான். கோதண்டராமனின் கண்ணும் கலங்கியிருந்தது. அப்போதுதான் கயிற்றுக்கு அப்பால் நின்ற ராஜமாணிக்கத்தை அவர் பார்த்தார்.

"ஒம் பொண்ணா இது?"

"ஆமாங்க சார்."

"படிச்ச பொண்ணு. அதான் கலையப் புரிஞ்சிக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சம்சாரத்த நல்லபடியா எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டோம் சார்."

"பாத்தியா? பொட்டி இல்லன்னாலும் எதுவும் நிக்கல. அன்னிக்கு நீதான் அவசரப்பட்ட."

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. பிரெஞ்சு ஓவியத்தின் அழகில் மனம் நெகிழ்ந்து கண்ணீர் வடித்த பார்வையாளர் என்று கீழே போட்டிருந்தார்கள். பொதுமக்களின் பேராதரவை முன்னிட்டுக் கண்காட்சி கார்த்திகை தீபம் வரை நீட்டிக்கப்படுகிறது என்றும், கூட்டம் கூடும் என்பதால் மேலும் பெட்டிகள் தேவைப்படுகின்றன என்றும் கோதண்டராமன் சொல்லியிருந்தார். துக்கம் கேட்க வந்த ஒருவர் அந்தப் பேப்பரைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். யாரும் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் ராஜமாணிக்கத்தின் போன் அடித்தது. அவர் எடுக்கிற மாதிரி இல்லை. கவிநிலா எடுத்தாள். வேட்டவலம் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார். அவருடைய அம்மா காலையில் தவறிவிட்டாராம், தம்பி சிங்கப்பூரிலிருந்து கிளம்பியிருக்கிறானாம், பெட்டி இருக்குமா என்று கேட்டார்.

"பொட்டி இருக்குதுங்க. வேங்கிக்கால்ல ஓடிகிட்டு இருக்குது," என்றாள் கவிநிலா.

"யாருங்க பாப்பா தவறிட்டது? எப்ப எடுப்பாங்க? எடுத்தவொடனே நாங்க வண்டியோட வந்துடறோம்."

"எடுக்க மாட்டாங்க," என்றாள் அவள். "அது அழுவாதாம்."

அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐஸ் பார் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கவிநிலா அப்பாவிடம் கேட்டு, கம்பெனி இருக்கும் இடத்தைச் சொன்னாள். மத்தியானத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள், பிறகு தீர்ந்துவிடும் என்றாள். மரத்தூள் ஜாஸ்தியாகப் போடச் சொன்னாள்.